கண்டு வந்தவரும் கொண்டு வராததும்

அயல்நாடு சென்று மீளும் தமிழர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. ஐம்பது ஆண்டுகட்கு முன்னர் ஊருக்கு ஒருவர் வானூர்தியேறி வந்தால், அவரைக் காணவும் அவர் கொணர்ந்த கைம்மணிப்பொறியைத் தொட்டுப் பார்க்கவும் ஊரே திரண்டது. இன்றோ தெருவுக்கு நால்வர் சென்று வருகின்றனர். சென்று வருதல் நன்றே. திரைகடல் கடத்தல் தமிழனுக்குப் புதிதுமன்று. ஆயின், சென்று வந்தவர் சொல்லும் செய்தி யாது, அவர் பெட்டியில் கொண்டு வருவது யாது, கொண்டு வரத் தவறுவது யாது என்பவற்றைத் தமிழ்மக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்மையில் செங்கற்பட்டில் ஒரு திருமண வரவேற்பு. பந்தி முடிந்து முற்றத்தில் நாற்காலிகள் வட்டமாயின. நடுவில் அமர்ந்தவர் அந்நகரத்தவரே. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உயர்பதவியினர். ஆண்டுக்கு ஆறேழு முறை வானூர்தி ஏறுபவர். அவர் பேச, மற்றையோர் வாய்பிளந்து கேட்டனர். அவர் கூறிய கருத்துகள் மூன்றாக வகுக்கத் தக்கவை. முதலாவது, அயல்நாட்டு வானூர்தி நிலையங்களின் துப்புரவும் விரைவும் தமிழ்நாட்டில் கனவிலும் வாரா என்பது. இரண்டாவது, அந்நகரங்களில் மகிழுந்தே இல்லாமல் எங்கும் செல்லலாம், இங்கோ வீட்டைவிட்டு வெளியேறவும் வழியில்லை என்பது. மூன்றாவது, அங்கே கடைக்குச் சென்றால் நுகர்வோன் அரசன், இங்கே அவன் இரவலன் என்பது. முடிவாக, 'நம்மவர் திருந்த மாட்டார்' என்று கைவிரித்தார்.

வட்டத்தின் ஓரத்தில் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி அமர்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகச் சிங்கப்பூர் சென்று மூன்று திங்கள் இருந்து வந்தவள். அவள் கேட்டாள்: "தம்பி, அந்த ஊர்களிலெல்லாம் பலகைகளை எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள்?"

"அவரவர் மொழியில்தான், ஆயா. ஆங்கிலமும் இருக்கும்."

"நம் ஊரில்?"

"நம் ஊரில் எதில் எழுதினால் என்ன? எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்?" என்றார் அவர். வட்டம் சிரித்தது.

"படிக்கத் தெரிந்தவள்தானே கேட்கிறேன்" என்றாள் முதியவள். பின்னர்த் தன் பயணத்தைச் சொன்னாள். ஊர்தியில் ஏறி அமர்ந்ததும் ஏதோ அறிவித்தார்கள். ஒருமுறை இந்தி, ஒருமுறை ஆங்கிலம். பக்கத்து இருக்கைப் பெண் செய்வதைப் பார்த்துத் தானும் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டாள். சிங்கப்பூரில் மருமகனோடு தொடர்வண்டியில் சென்றபோது கதவருகே ஒட்டியிருந்த எச்சரிக்கையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அது தமிழில் இருந்தது. அயல்நாட்டுத் தொடர்வண்டியில் தன் கண்ணால் படித்தவள், தன் நாட்டிலிருந்து புறப்பட்ட ஊர்தியில் பிறர் கையைப் பார்த்திருந்தாள். அவள் சொல்லி முடித்தபோது வட்டத்தில் சிரிப்பு இல்லை.

ஆண்டுக்கு ஆறேழு முறை சென்று வந்தவர் காணாததை ஒரே முறை சென்று வந்தவள் கண்டுவிட்டாள். இவ்விருவர் கண்டவற்றுள் தமிழர்க்குப் பயன்படுவது எது என்பதே கேள்வி.

பளிங்குத் தரையும் பலகையும்

அன்பர் புகழ்ந்தவற்றுள் பொய்யில்லை. சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையம் 1981-இல் இயங்கத் தொடங்கி உலகோர் புகழும் நிலையமாக உயர்ந்தது. ஆங்காங்கில் 1998-இல் புதிய வானூர்தி நிலையம் திறக்கப்பட்டபொழுதே அதனை நகரோடு இணைக்கும் தனித் தொடர்வண்டியும் உடனோடத் தொடங்கியது. சப்பானியர் நிலையங்களின் ஒழுங்கைக் கண்டு வியவாதார் இலர். ஆனால், இவ்வொழுங்கு பளிங்குத் தரையிலிருந்து பிறந்ததன்று. அங்கு வரும் எளிய மாந்தனும், யாரையும் கெஞ்சாமல், தான் செல்லும் வழியைத் தானே அறிதல் வேண்டும் என்னும் கொள்கையிலிருந்து பிறந்தது. சப்பானில் சப்பானிய மொழி முன்னிற்கும். விருந்தினர்க்காக ஆங்கிலமும் சீனமும் கொரியமும் உடன்வரும். வீட்டாரை வாயிலில் நிறுத்திவிட்டு விருந்தினரை மட்டும் உள்ளே அழைக்கும் வழக்கம் அங்கில்லை.

சிங்கப்பூரை எண்ணிப் பாருங்கள். அத்தீவில் இந்திய வழியினர் அனைவரையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினரே. தமிழர் அவருள்ளும் ஒரு பகுதியினர். ஆயினும் 1965-இல் தனிநாடானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அந்நாடு ஆட்சிமொழிகளாகக் கொண்டது. அதன் நாணயங்களில் தமிழெழுத்து உண்டு. தொடர்வண்டியின் எச்சரிக்கையில் தமிழ் உண்டு. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆங்கிலமே வீட்டுமொழியாகி வருகின்றது என்பதும் உண்மையே. அது அங்குள்ள தமிழர் கருத வேண்டிய குறை. ஆனால் அரசு தன் கடமையில் தமிழை வெளியே நிறுத்தவில்லை.

இனி மீனம்பாக்கத்துக்கு வருவோம். இன்று செங்கற்பட்டு மாவட்ட எல்லைக்குள் அடங்கும் திரிசூலத்தில் அமைந்துள்ள சென்னை வானூர்தி நிலையத்தில் தமிழ்ப்பலகைகள் இல்லை என்று கூறின் அது பொய். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் பலகைகளில் உண்டு. உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயரும் வெளிநாட்டு முனையத்துக்கு அண்ணா பெயரும் சூட்டப்பட்டன. 2023-இல் திறக்கப்பட்ட புதிய முனையத்தில் கோலமும் கோபுரமும் வடிவங்களாக அணிசெய்கின்றன. இவை மகிழத் தக்கவையே. ஆனால் கோலம் பேசாது. கோபுரம் வழி சொல்லாது. பயணச்சீட்டு, இருக்கைச்சீட்டு, பெட்டியில் கட்டும் அட்டை, உணவுக்கடையின் விலைப்பட்டியல், ஊர்திக்குள் உயிர்காக்கச் சொல்லும் அறிவுரை ஆகிய இவற்றிலன்றோ தமிழ் வேண்டும்! சுவரில் தமிழர் பண்பாடும் வாயில் வேற்றுமொழியும் என்றால், அது வீட்டுத்திண்ணையில் மாக்கோலமிட்டுவிட்டு வீட்டுக்காரியை உள்ளே விடாத கதையாகும்.

2020 ஆகத்துத் திங்களில் நிகழ்ந்ததை நாடறியும். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வானூர்தி நிலையத்தில் தமக்கு இந்தி தெரியாதென்றும் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறும் கேட்டபொழுது, பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் 'நீங்கள் இந்தியரா?' என்று வினவியதாக அவரே வெளிப்படுத்தினார். நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படை அதுபற்றி உசாவுவதாக அறிவித்தது. நாடாளுமன்ற உறுப்பினரிடமே இவ்வினா எழுமாயின், திருக்கழுக்குன்றத்து முதியவளிடம் எழாதென்பதற்கு உறுதி என்ன?

இங்கு ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். நடுவண் அரசின் அலுவல்களில் இந்தியைப் புகுத்த 1976-இல் வகுக்கப்பட்ட ஆட்சிமொழி விதிகள், தொடக்கத்திலேயே 'தமிழ்நாடு நீங்கலாக' என்று கூறுகின்றன. தமிழ்நாட்டு மாணவரும் மக்களும் 1965-இல் குருதி சிந்திப் பெற்ற விலக்கு அது. விலக்குப் பெற்றோம், விலக்கிய இடத்தில் தமிழை அமர்த்தினோமா? வெற்றிடத்தை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அயல்நாட்டுப் பலகையைக் கண்டு வியந்து நிற்கின்றோம்.

சொல் இல்லை என்பாரும் உளர். வானூர்தி என்பது இன்று நேற்றுக் கட்டிய சொல்லன்று. வானவூர்தி என்னும் சொல் புறநானூற்றிலேயே ஆளப்பட்டுள்ளது. ஊர்தி பறவாத காலத்தில் சொல் இருந்தது. ஊர்தி பறக்கும் காலத்தில் சொல்லை நிலத்தில் இறக்கிவிட்டனர்! ஈழத்தில் யாழ்ப்பாண வானூர்தி நிலையம் 2019 அக்தோபரில் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து சென்ற ஊர்தியே முதலில் அங்கு இறங்கியது. அந்நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற்றிருந்தது. போரில் உருக்குலைந்த மண்ணில் இயன்றது, போரே காணாத தமிழ்நாட்டில் இயலாதா?

காலும் சக்கரமும்

அன்பரின் இரண்டாம் கருத்து நகரப் போக்குவரவு. 'அங்கெல்லாம் வானூர்தியிலிருந்து இறங்கித் தொடர்வண்டியில் ஏறி வீடு போய்ச் சேரலாம்' என்றார். அவர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். சிங்கப்பூரில் நகரத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1987-இல். ஐம்பத்தாறு ஆண்டுகள் முற்பட்டது சென்னை! பின்னர் அம்மின்தடம் செங்கற்பட்டு வரையும் நீண்டது. வானூர்தி நிலையத்துக்கு எதிரே, பெருஞ்சாலையின் மறுபுறத்திலேயே திரிசூலம் தொடர்வண்டி நிலையம் உளது. அங்கு ஏறினால் செங்கற்பட்டில் இறங்கலாம். தோக்கியோவில் தொடர்வண்டியேறிப் பெருமிதமுற்ற அன்பர், தம் ஊருக்கே செல்லும் வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. வாடகை மகிழுந்தை வரவழைத்துக் கூடுவாஞ்சேரி நெரிசலில் ஒருமணி நேரம் கிடந்து, 'இந்த நாடு உருப்படாது' என்று சொல்லிக்கொண்டே வீடு சேர்கின்றார். அந்நெரிசலில் அவருடைய மகிழுந்தும் ஒன்று என்பது அவர்க்குத் தோன்றுவதில்லை.

சிங்கப்பூரில் மகிழுந்தில்லாமல் வாழ முடிகின்றதெனின், அது தானே நிகழ்ந்ததன்று. நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் மகிழுந்துகளுக்கு 1975-இலேயே அங்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1990-இலிருந்து புதிதாக ஊர்தி வாங்குவோர், வாங்கும் உரிமையையே ஏலத்தில் எடுத்தல் வேண்டும் என்னும் முறை வந்தது. செல்வர்க்குக் கசக்கும் மருந்தை அரசு ஊட்டிற்று. அதன்பின்னரே பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் வழி பிறந்தது. அன்பர் அங்குப் புகழ்வது அம்மருந்தின் விளைவை. அம்மருந்தையே இங்கு எவரேனும் காய்ச்ச முற்படின், முதற்கண் எதிர்ப்பவர் அவரைப் போன்றவராகவே இருப்பர்.

இங்குள்ள குறைகளை மறைத்தலும் கூடாது. 2023 திசம்பர் 30-ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் கோயம்பேட்டினின்று அங்கு மாற்றப்பட்டன. கட்டடம் பெரிது, அழகிது. ஆனால், திறப்பு நாளில் அதன் வாயிலில் தொடர்வண்டி நிலையம் இல்லை. இருப்புப்பாதையோ கூப்பிடு தொலைவில் கிடக்கின்றது! ஒரு பக்கம் வண்டலூர் நிலையம், மறுபக்கம் ஊரப்பாக்கம் நிலையம். இடையில் மூட்டை சுமந்து நிற்கும் மக்கள். ஆங்காங்கில் நிலையமும் தொடர்வண்டியும் ஒரே காலத்தில் திறந்ததை முன்னரே கண்டோம். அயல்நாடு சென்று ஆய்ந்து வரும் அலுவலரும் அமைச்சரும் அங்கிருந்து கற்க வேண்டியது இதுவே: மாளிகைக்கு முன்னர் வழி. மாமல்லபுரமோ உலகம் அறிந்த ஊர். ஆயினும் அதற்கு இருப்புப்பாதையே இல்லை. சென்னையைக் கடற்கரை வழியே மாமல்லபுரத்தோடும் புதுச்சேரியோடும் இணைக்கும் பாதை பல்லாண்டாகத் தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றது.

ஆயின் இங்கிருந்து உலகம் கற்கத் தக்கதும் உண்டு. இலக்சம்பர்க்கு என்னும் சிறுநாடு 2020-இல் பொதுப்போக்குவரவைக் கட்டணமின்றித் திறந்துவிட்டபோது உலகோர் வியந்தனர். அன்பரும் அதனைக் கூறி வியந்தார். 2021 மே திங்கள் முதல் தமிழ்நாட்டு அரசின் பொதுக்கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் சென்று வருகின்றனரே, அதனை ஏன் அவர் கூறவில்லை? இலக்சம்பர்க்கு செல்வநாடு, தமிழ்நாடு அன்று. செல்வர் செய்தால் புரட்சி, ஏழை செய்தால் இலவசம் என்பது எந்த ஊர் அறம்? கூலிவேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் பெண்ணின் இடுப்பு முடிச்சில் நாள்தோறும் எஞ்சும் சிறுதொகை, அன்பர் வரியில்லாக் கடையில் வாங்கும் நறுமணப் புட்டியின் விலைக்கு ஈடாகாது. ஆனால் அது ஒரு குடும்பத்தின் மாலை விளக்கு.

நுகர்வோன் அரசனாவது எங்ஙனம்?

மூன்றாம் கருத்து கடைத்தெரு. 'அங்கே வாங்குவோன் அரசன்' என்றார் அன்பர். அரசன் என்பதற்கு அடையாளம் என்ன? தான் வாங்குவது இன்னதென்று தானே அறிதல். பிரான்சு நாட்டில் 1994-இல் ஒரு சட்டம் இயற்றினர். விற்கும் பொருளின் மேலுறை, பயன்பாட்டுக் குறிப்பு, விளம்பரம், பொறுப்புறுதிச் சீட்டு ஆகிய யாவும் பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977-இலேயே பிரெஞ்சு மொழிப் பட்டயத்தை இயற்றிற்று. ஆங்கிலக் கடல் சூழ்ந்த நிலத்தில் தன் மொழியைக் கடைத்தெருவில் நிலைநிறுத்திய மாநிலம் அது. தனிநாடன்று, மாநிலம் என்பதைக் குறித்துக்கொள்க.

இந்தியாவில் நிலை யாது? பொதிந்து விற்கும் பொருள்களுக்கென 2011-இல் வகுத்த எடையளவை விதிகள், மேலுறையிற் குறிக்க வேண்டியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ குறித்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாமாம், சேர்க்காவிடின் குற்றமில்லையாம்! மதுராந்தகத்தில் ஒரு தாய் குழந்தைக்கு வாங்கும் மாவுப்பெட்டியில், எந்நாள் வரை அதனை உண்ணலாம், எந்தப் பொருள் கலந்துள்ளது, எவ்வளவு நீரிற் கரைக்க வேண்டும் என்பன அவள் மொழியில் இல்லையெனில் அவள் எப்படி அரசியாவாள்? பெட்டியின் முகப்பில் மட்டும் தமிழில் பெயரெழுதி அவள் கையிலுள்ள பணத்தைக் கவர்வர். பெட்டியின் முதுகில் அவள் அறிய வேண்டியதை அவள் அறியா மொழியில் அச்சிடுவர். விற்பதற்குத் தமிழ் வேண்டும். விடைசொல்வதற்குத் தமிழ் வேண்டாவா?

தமிழ்நாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைக்கு விதி உண்டு. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, பிறமொழி இரண்டு பங்கு என்னும் அளவில் எழுத வேண்டும் என்பது அது. செங்கற்பட்டு அங்காடித் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை பலகைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து பங்கு எங்கே உளது, மூன்று பங்கு எங்கே உளது என்று தெரியும். சில பலகைகளில் தமிழெழுத்து உண்டு, தமிழ்ச்சொல் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் பெயர்த்துவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கூறுவர். அக்கடைக்காரர் வேற்றினத்தார் அல்லர். பொங்கலன்று கரும்பு கட்டும் தமிழரே. குற்றத்தை வெளியாரிடம் மட்டும் தேடுவார் தம் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் காணார்.

மொரீசியசுத் தீவில் 1998-இல் நிகழ்ந்ததை இவரெல்லாம் அறிதல் நன்று. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் இடம்பெறும் வரிசையை மாற்றித் தமிழைக் கீழிறக்கிப் புதுத்தாள் வெளியிட்டனர். கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றவரின் வழிவந்த சிறுபான்மைத் தமிழர் கிளர்ந்தெழுந்தனர். புதுத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பேசும் மொழியாகத் தமிழைப் பெரிதும் இழந்துவிட்ட மக்களே ஒரு வரியின் இடத்துக்காக எழுந்தனர். ஏழரைக் கோடித் தமிழர் வாழும் நாட்டில் மாவுப்பெட்டியின் முதுகை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

இது வெறும் பெருமைச் சிக்கலன்று. உயிரும் உழைப்பும் தொடர்பான சிக்கல். மீனம்பாக்கத்தில் வானூர்தி ஏறுவோர் எல்லாரும் அன்பரைப் போன்ற உயர்பதவியினர் அல்லர். செய்யூரிலிருந்தும் உத்தரமேரூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேறாதார் அத்தகைய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது ஏமாறாமல் காக்கவே 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் இசைவுமுறை வகுக்கப்பட்டது. ஆனால் அவ்வுழைப்பாளி கையெழுத்திடும் ஒப்பந்தம் அவனுக்குத் தெரியாத மொழியில் இருப்பின், சட்டம் எப்படிக் காக்கும்? சம்பளம் எவ்வளவு, வேலைநேரம் எவ்வளவு, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்பதைப் படித்தறியாமல் பெருவிரல் அழுத்துகின்றான். பிரான்சிலோ எழுத்து வடிவான வேலை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும். தொழிலாளி அயல்நாட்டானாயின், அவன் கேட்டால் அவன் மொழியில் பெயர்த்துத் தரவும் வேண்டும். இதுவன்றோ அன்பர் அங்கிருந்து கொண்டு வந்திருக்க வேண்டிய சரக்கு! அவர் பெட்டியில் இனிப்பும் நறுமணப் புட்டியும் வந்தன, இது வரவில்லை.

அன்று கடல் கடந்தோர்

மாமல்லபுரக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு ஒரு வரலாறு கண்ணிற்படும். பல்லவர் காலத்தில் இது துறைமுகம். இக்கரையிலிருந்தும் பிற தமிழ்த் துறைகளிலிருந்தும் சென்ற வணிகர் தம் மொழியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுச் செல்லவில்லை. தாய்லாந்தின் தக்குவாபா என்னுமிடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க்கல்வெட்டு உளது. ஒரு குளத்தை வெட்டி, அதனை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விட்ட செய்தியைக் கூறுவது அது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க்கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரைச் சொல்கின்றது. சீனக் கடலோடி செங்கு கோ நிறுவிய, 1409-ஆம் ஆண்டு நாளிட்ட காலிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள. சீனப் பேரரசன் பெயரால் வந்தவன், இக்கடலில் வணிகம் செய்வோர்க்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அறிந்திருந்தான். சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியது இந்நாட்டு நெசவுத்துணிக்காக. அன்று அயலார் இங்கு வந்து வாங்கினர். தமிழர் அங்குச் சென்று குளம் வெட்டினர். இன்று சென்று வருவோர் பொருளையே வாங்கி மீள்கின்றனர்.

இன்றும் மாமல்லபுரத்தில் உளியோசை ஓயவில்லை. 1957-இல் தொடங்கிய கல்தச்சுக் கல்லூரி அங்குளது. அவ்வூர்க் கற்சிலைகளுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒத்தவாடைத் தெருவில் கல்தச்சர் அயல்நாட்டாரிடம் அவர்தம் மொழியில் நாலு சொல் பேசி வணிகம் செய்கின்றனர். அதில் இழுக்கில்லை, வந்தார்க்கு அவர் மொழியில் வழி சொல்லுதல் விருந்தோம்பல். அக்கல்தச்சன் வீட்டில் தமிழ் பேசுகின்றான், உளியைத் தமிழில் அழைக்கின்றான், பிறகு விருந்தினனிடம் விருந்தினன் மொழியில் பேசுகின்றான். இவ்வரிசைமுறை மாறாதவரை எத்தனை மொழி கற்பினும் நன்றே.

2019 அக்தோபரில் சீனக் குடியரசுத் தலைவரும் இந்தியத் தலைமை அமைச்சரும் அக்கடற்கரையில் கூடினர். தலைமை அமைச்சர் வேட்டி கட்டி வந்தார். 2022-இல் 180-க்கும் மேற்பட்ட நாட்டார் சதுரங்கப் போட்டிக்கு அங்கு வந்தனர். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' என்னும் பெயரோடு அவர்களை வரவேற்றது. வேட்டி வந்தது, வணக்கம் வந்தது. மாவுப்பெட்டியின் முதுகில் தமிழ் வரவில்லை. வேலை ஒப்பந்தத்தில் தமிழ் வரவில்லை. விழாவுக்குத் தமிழும் வினைக்கு வேற்றுமொழியும் என்னும் இவ்வழக்கமே தமிழர் மாற்ற வேண்டியது.

செய்யத் தக்கவை

இவற்றுக்குப் பெரும்போர் தேவையில்லை. சென்று வருவோர் ஒவ்வொருவரும் செய்யத் தக்கவை சில உள. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஊர்தியில் உயிர்காப்பு அறிவிப்பைத் தமிழில் தருமாறு ஊர்தி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும், ஓராயிரவர் எழுதினால் அறிவிப்பாகும். மேலுறைகளில் தமிழைக் கட்டாயமாக்க விதியைத் திருத்துமாறு நாடாளுமன்ற உறுப்பினர்களை நெருக்கலாம். தமிழ்நாட்டு விற்பனைக்கென வரும் பொருளுக்கு இது பெருஞ்செலவன்று. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர்க்கு ஒப்பந்தத்தின் தமிழ்ப்படியைக் கொடுத்த பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசை வேண்டலாம். கடைக்காரர் தம் பலகையைத் தாமே ஐந்துக்கு மூன்றாக்கலாம். அதற்கு எவர் ஆணையும் தேவையில்லை, விதி முன்னமே இருக்கின்றது. திரிசூலத்தில் இறங்கும் செங்கற்பட்டார் சாலையைக் கடந்து தம் ஊர்த் தொடர்வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். ஏறினால்தான் அதன் நெரிசலும் படிக்கட்டின் உயரமும் கழிப்பிடத்தின் கேடும் தெரியும். தெரிந்தால்தான் கேட்க நாவெழும்.

இப்படிக் கேட்பதை மொழிவெறி என்பார் உளர். பிரான்சில் பிரெஞ்சும் சப்பானில் சப்பானியமும் கேட்பதை அவர் ஒழுங்கு என்பர். ஆங்கிலத்தை அகற்றுமாறு எவரும் கேட்கவில்லை. அயலார்க்கு அது இருக்கட்டும். தமிழ்நாட்டில் தமிழ் மட்டும் தெரிந்தவர் பிறர் கையைப் பார்த்திராமல் பயணம் செய்யவும், பொருள் வாங்கவும், கையெழுத்திடவும் வேண்டும் என்பதே வேண்டுகோள்.

திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து முதியவள் மீண்டும் ஒருமுறை பேரப்பிள்ளையைக் காணப் புறப்படுவாள். அவ்வமயம் ஊர்தியில் அமர்ந்ததும் அவள் மொழியில் அறிவிப்புக் கேட்குமா, அன்றிப் பக்கத்து இருக்கையை மறுபடியும் பார்த்திருப்பாளா என்பது சிங்கப்பூரார் கையில் இல்லை. ஆண்டுக்கு ஆறேழு முறை அவ்வூர்தியில் செல்லும் படித்த தமிழர் கையில் உள்ளது. கண்டு வந்தவர் இனியேனும் கொண்டு வருக!